டைகரைக் குளிப்பாட்டிய கம்பவுண்டர் நல்லமுத்து

விக்கிரமங்கலத்தில் மகள் வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டு அன்று காலை பஸ்ஸில் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். "ஒரு வேல இருக்கு, கெளம்பி வாங்கப்பா" என்று மகன் போனில் சொல்லியிருந்தான். என்ன வேலை என்று சொல்லவில்லை. எழுத்துக் கற்றுக்கொண்டதிலிருந்து எனக்கு பஸ்ஸில் ஜன்னல் ஓரம்தான் வேண்டும். சுவரிலும் கடையிலும் லாரி முதுகிலும் இருப்பதையெல்லாம் வாய்க்குள்ளேயே கூட்டிப் படித்துக்கொண்டு வருவேன். எழுபத்தொரு வயதில் இதைவிட நல்ல பொழுதுபோக்கு எனக்குத் தெரியாது. எங்கள் ஊர் நிறுத்தத்தில் இறங்கியபோது நிழற்குடைச் சுவரில் புதிதாக ஒரு தாள் ஒட்டியிருந்தது. பசை இன்னும் காயவில்லை. எழுத்து பெரிதாக இருந்ததால் சந்தோஷமாக ஆரம்பித்தேன். ந, ல், ல. நல்ல. மு, த், து. நல்லமுத்து. ஒரு பெயரைத் தடுமாறாமல் படித்துவிட்ட மகிழ்ச்சி மனதில் இருக்கும்போதே கண் மேலே போனது. மேலே அவருடைய படம் இருந்தது.

அதுவரை எல்லாச் சாவுச் செய்தியும் யாராவது வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். நானே படித்துத் தெரிந்துகொண்ட முதல் சாவு அவருடையது. "வயசானா என்னண்ணே, கண்ணு தெரியுதுல்ல, போங்க" என்று என்னை மாலை வகுப்புக்கு அனுப்பியவரும் அவர்தான்.

உங்களில் பலருக்கு அவர் மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர். ஓய்வு பெற்ற பிறகும் ராத்திரி பகல் பார்க்காமல் உங்கள் தொழுவத்துக்கு வந்து கன்றை இழுத்துப் போட்டவர். எனக்கு அவர் பக்கத்து வீட்டுக்காரர். சனிக்கிழமை தவறாமல் என் நாயைக் குளிப்பாட்ட வந்தவர். பதினாறாம் நாள் வாசிப்பதற்கு எழுதித் தாருங்கள் என்று அவர் மனைவி சரோஜா கேட்டபோது எனக்குப் பயமாக இருந்தது. "பெருசா ஒண்ணும் வேணாம்ண்ணே. டைகர் கதைய எழுதுங்க. அது அவருக்குப் புடிக்கும்" என்றார். அதனால் அதை எழுதுகிறேன். எழுதி முடிக்க ஐந்து நாள் ஆயிற்று.

முதலில் அன்று நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அவரைப் பெஞ்சில் கிடத்திக் குளிப்பாட்டியபோது உங்களில் சிலர் அங்கே இருந்தீர்கள். டைகர் எப்போது வந்தது என்று எனக்குத் தெரியாது. விரட்டியும் போகவில்லை. பெஞ்சுக்கு நாலடி தள்ளி நின்று அவருடைய காலைப் பார்த்துக்கொண்டிருந்தது. முதல் குடத்தை அவர் மேல் ஊற்றினார்கள். ஒரு சொட்டுக்கூட நாய் மேல் தெறிக்கவில்லை. ஆனாலும் டைகர், குளித்து முடித்த நாய் எப்படி உதறுமோ அப்படி, மூக்கிலிருந்து வால் நுனி வரை உடம்பை உதறியது. இரண்டாம் குடம் ஊற்றினார்கள். மறுபடியும் உதறியது. ஊற்ற ஊற்ற உதறியது. குடம் தூக்கியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் அதற்குப் பிறகு அதை விரட்டவில்லை.

பெயர்தான் டைகர். செம்மண் நிறத்தில் ஒல்லியான நாட்டு நாய். பல்லி விழுந்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடும். என் மனைவி போன பிறகு வீட்டில் என்னோடு எழுந்து என்னோடு படுத்தது அது ஒன்றுதான். எங்கள் வீட்டில் முன்பு மாடு தண்ணீர் குடித்த சிமெண்டுத் தொட்டி ஒன்று கொல்லையில் இருக்கிறது. அதில் வேப்பிலை போட்டு வெயிலில் வெதுவெதுப்பாக்கிய தண்ணீரை விட்டு, சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு டைகரை இறக்குவோம். என் மருமகள் செல்வி தண்ணீர் மொண்டு தருவாள். நான் முதுகுக்குச் சோப்புப் போடுவேன். கம்பவுண்டர் எதிரே மேற்குப் பக்கம் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு காலாகக் கேட்பார். "குடு" என்பார். டைகர் காலைக் கொடுக்கும். விரல் இடுக்கில் இருக்கும் உண்ணியை எடுத்து மண்ணெண்ணெய் ஊற்றிய கொட்டாங்குச்சியில் போடுவார். காதில் எண்ணெய் தொட்ட பஞ்சு வைக்காமல் தலைக்குத் தண்ணீர் ஊற்ற விடமாட்டார். ஆரம்பத்தில் நான் எடுத்த எடுப்பிலேயே தலையில் ஊற்றிவிட்டேன். "அண்ணே, உங்க தலையில யாராவது பின்னாடி நின்னு திடீர்னு ஊத்தினா சும்மா இருப்பீங்களா? கால்ல ஆரம்பிங்க. தண்ணி எங்கேருந்து வருதுன்னு அது பாக்கணும்" என்றார்.

போன வருடம் பங்குனி தொடக்கத்தில் எங்கள் தெருவில் ஒரு வெறிநாய் ஓடியது. ஓர் ஆட்டையும் இரண்டு நாய்களையும் கடித்துவிட்டு ஏரிக்கரையில் போய்ச் செத்துக் கிடந்தது. அந்த நேரம் டைகர் கட்டிக் கிடந்ததா, அவிழ்ந்து திரிந்ததா என்று எங்கள் வீட்டில் யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. அடுத்த சனிக்கிழமை வழக்கம்போலத் தொட்டியில் இறக்கினோம். பாதி நுரையில் நின்ற நாய் திடீரென்று கட்டை போல விறைத்தது. தண்ணீரைக் குனிந்து பார்த்தது. நனைந்த முதுகில்கூட முடி எழுந்து நின்றது. செல்வி சொம்பை நீட்டியதும் அவள் மணிக்கட்டைக் கவ்விவிட்டது. கவ்விய வேகத்தில் தொட்டியைத் தாண்டி நுரையோடு ஓடியது. அப்புறம்தான் கிழக்கே சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடி கேட்டது. அது தினமும் கேட்கிற சத்தம். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நாங்கள் நாயைத் தேடி ஓடினோம். கம்பவுண்டர் செல்வியின் கையைப் பிடித்துக் குழாயடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். டைகருக்குப் போட்ட அதே சோப்பை எடுத்துக் கடிவாயில் தேய்த்தார். தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"போதுங்க மாமா, தோலு உரிஞ்சிரும்."

"உரியட்டும் புள்ள. தோலு திரும்ப வரும்."

கால் மணி நேரம் விடவில்லை. அதே ஈரக் கையோடு அவளையும் என் மகனையும் அரியலூர் பஸ்ஸில் ஏற்றி ஊசி போட அனுப்பினார். எதற்கும் சாமி கும்பிட்டுவிட்டுப் போகலாம் என்று என் மகன் சொன்னதற்கு, "ஊசி போட்டுட்டு வந்து கும்பிடு. சாமி எங்கயும் போகாது" என்றார்.

மறுநாளிலிருந்து டைகர் தொட்டிப் பக்கம் போகவில்லை. தூரத்தில் தொட்டியைப் பார்த்தாலே பின்னால் நகர்ந்தது. தண்ணியைக் கண்டு பயப்படுகிறது என்று தெரு முழுக்கப் பேச்சாகிவிட்டது. தண்ணீருக்குப் பயந்தால் வெறிதான் என்பதில் எங்கள் ஊரில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எனக்கும் இல்லை. செல்விக்கு மூன்று வயதில் பெண் குழந்தை இருக்கிறது. "அது இங்க இருந்தா நான் புள்ளையத் தூக்கிட்டு எங்கம்மா வூட்டுக்குப் போயிருவேன் மாமா" என்றாள். அவள் கேட்டதில் தப்பு இல்லை. என் மகன் நாய் அடிக்கிற ஆளைக் கூப்பிடக் கிளம்பினான்.

கம்பவுண்டர் வாசலில் வழி மறித்தார். "தண்ணி பயம் மனுசனுக்கு வர்றது தம்பி. வெறி புடிச்ச நாயி தண்ணியில எறங்கிப் போகும், நான் பாத்துருக்கேன். பத்து நாள் குடு. வெறி இருந்தா அதுக்குள்ள அதுவே செத்துரும். நாம முந்திக்க வேணாம்."

டீக்கடைக்காரர் அங்கே நின்றிருந்தார். "மாட்டுக்கு ஊசி போட்ட ஆளுக்கு நாயி மனசு எப்படிங்க தெரியும்?" என்றார்.

"மாடு சொல்லிருக்கு" என்றார் கம்பவுண்டர்.

சிரித்தார்கள். ஆனால் பத்து நாள் கிடைத்தது. பதினோராம் நாள் மகன் கம்போடு வருவதாகப் பேச்சு.

டைகரைத் தன் வீட்டுக் கொல்லையில் புங்க மரத்தில் இரும்புச் சங்கிலி போட்டுக் கட்டினார். சோற்றையும் தண்ணீரையும் நீளக் குச்சியால் தள்ளி வைத்தார். தெருவில் பிள்ளைகளை வெளியே விடவில்லை. எப்போதும் சத்தமாக இருக்கும் எங்கள் தெரு பகலிலேயே அடங்கிப்போனது. என்னிடம் நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கொடுத்தார். "வகுப்புல அம்மா, ஆடு, இலைன்னு எழுதினது போதும்ண்ணே. இங்க உக்காந்து இத எழுதுங்க. தின்னுச்சா, குடிச்சுதா, என்ன செஞ்சுது. தேதி போட்டு எழுதுங்க." நான் முதல் நாள் மிகவும் கஷ்டப்பட்டு எழுதியது, டைகருக்குப் பேய் பிடித்திருக்கிறது என்பது. அவர் வாங்கிப் படித்தார்.

"பேய் கண்ணுல பட்டுச்சாண்ணே?"

"இல்ல."

"அப்ப எது பட்டுச்சு?"

"முடி நட்டுக்கிட்டு நின்னுச்சு. சட்டியவே பாத்துச்சு."

"அத எழுதுங்க. கண்ணுல பட்டத எழுதுங்க. மனசுல பட்டது அப்புறம்."

இனி நான் சொல்லப்போவதை நோட்டில் பார்த்துத்தான் எழுதுகிறேன். மதியம் நல்ல வெயில். காற்று இல்லை. புங்க மரத்தில் ஓர் இலை அசையவில்லை. டைகர் தூங்கிக்கொண்டிருக்கும். வெடி வைக்குமுன் சுரங்கத்தில் எச்சரிக்கைச் சங்கு ஊதியதும் எழுந்து நிற்கும். தண்ணீர்ச் சட்டியிலிருந்து சங்கிலி இழுபடும் தூரம் வரை விலகி, சட்டியை விட்டுக் கண் எடுக்காமல் நிற்கும். அதன் தொண்டையிலிருந்து வந்த சத்தம் குரைப்பும் இல்லை, ஊளையும் இல்லை. அப்போது சட்டித் தண்ணீரில் வட்டம் வந்தது. கல் போட்டால் வட்டம் நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகும். இது ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்தது. யாரோ தண்ணீருக்குள் விரல் நுனியை மெதுவாகக் குவித்து எடுப்பது போல இருந்தது. சட்டிக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. நான் பத்தடி தள்ளிக் கட்டிலில் இருந்தேன். தண்ணீர் மறுபடியும் அசையாமல் வானத்தைக் காட்டியது.

சரோஜாவும் அதைப் பார்த்தார். அரிசி புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டார். "ஏங்க, அங்க ஏதோ நிக்குதுங்க" என்று மெதுவாகச் சொன்னார்.

"நின்னா நிக்கட்டும். அதுக்கும் ஒரு சட்டி தண்ணி வையி" என்றார் கம்பவுண்டர்.

நான் கேலி என்று நினைத்தேன். அவர் உண்மையிலேயே மறுநாள் இன்னொரு சட்டியைக் கொண்டுவந்து நாய்க்கு எட்டாத இடத்தில், கிணற்றடிக்குப் பக்கத்தில் வைத்தார். சங்கு ஊதியது. டைகர் எழுந்தது. இரண்டு சட்டியிலும் ஒரே நேரத்தில் வட்டம் வந்தது. இரண்டு சட்டியிலும் வட்டம் என்று எழுதினேன். வட்டம் என்ற சொல்லில் ஒற்றெழுத்தை விட்டுவிட்டேன். நோட்டில் இன்றும் அப்படித்தான் இருக்கிறது.

நாய் தின்றது. காலையிலும் மாலையிலும் தண்ணீர் குடித்தது. மதியம் மட்டும் இப்படி. ஒன்பதாம் நாள் கம்பவுண்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் நோட்டை முதலிலிருந்து வாசித்தார். என் எழுத்தை இன்னொருவர் வாய்விட்டு வாசித்ததை அன்றுதான் முதலில் கேட்டேன். பயத்துக்கு நடுவிலும் அது எனக்கு இனிப்பாக இருந்தது. "சங்கு. டைகர் எழுந்தது. வட்டம். வெடி." அடுத்த பக்கம். "சங்கு. டைகர் எழுந்தது. வட்டம். வெடி." நிறுத்தினார்.

"அண்ணே, வட்டம் வந்தப்புறமா வெடி கேட்டுச்சு? இல்ல வெடிச்சப்புறமா வட்டமா?"

"எழுதினபடிதான்."

"எல்லா நாளுமா?"

"எல்லா நாளும்தான் எழுதியிருக்கனே."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிழக்கே பார்த்தார். மாசியில்தான் நம் ஊருக்குப் பக்கமாகப் புதுக்குழி வெட்ட ஆரம்பித்திருந்தார்கள். "சத்தம் காத்துல நடந்து வருதுண்ணே. அதிர்ச்சி மண்ணுக்குள்ள ஓடி வருது. அது முந்திக்குது. வந்து தண்ணியப் புடிச்சு ஆட்டுது. நாம சரியா அந்த நேரம் பாத்து இத நாலு காலோட தண்ணியில நிக்க வச்சிருக்கோம்." பிறகு, "அதுக்கு வெறி இல்ல. நமக்குத்தான் காது மட்டும் இருந்துச்சு" என்றார்.

இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். ஆனால் ஏழாம் நாள் பக்கம் இருந்தது. அது ஞாயிற்றுக்கிழமை. சுரங்கத்துக்கு விடுமுறை. நான் எழுதியிருந்தது இது: சங்கு இல்லை. டைகர் எழுந்தது. வட்டம். வெடி இல்லை. கம்பவுண்டர் அந்த வரியில் விரலை வைத்தார்.

"இது கண்ணுல பட்டதா?"

"பட்டது. ஒரு சட்டியில மட்டும். நீங்க கிணத்தடியில வச்ச சட்டியில."

நான் வேண்டுமானால் அடித்துவிடுகிறேன் என்றேன். ஊரில் படித்துக் காட்டினால் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொள்வார்கள் என்று எனக்குத் தோன்றியது. "வேணாம்ண்ணே. தெரியாதத அடிச்சிட்டா, தெரிஞ்சத எப்படி நம்புறது" என்றார். அந்தச் சட்டியைப் பிறகு அவர் எடுக்கவில்லை. போகும்போது வரும்போது அதில் தண்ணீர் ஊற்றி வைப்பார். காக்கை குடிக்கிறதே என்று கேட்டால், "குடிக்கட்டும்" என்பார்.

பத்தாம் நாள் மதியம் டைகரை எங்கள் தொட்டிக்கு அவரே நடத்திக்கொண்டு வந்தார். தெருவே கொல்லை ஓரத்தில் நின்றது. பாதிப் பேர் கையில் கம்பு. என் மகன் கையிலும் கம்பு. செல்வி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவைப் பாதி சாத்தி நின்றாள். கம்பவுண்டர் நடக்கப்போவதை எல்லாரிடமும் முன்கூட்டிச் சொன்னார். சங்கு ஊதும், தண்ணீர் நடுங்கும், அப்புறம் வெடி கேட்கும் என்றார். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கினார். நாயைத் தூக்கி மார்போடு அணைத்துத் தண்ணீரில் நிறுத்தினார். டைகர் நடுங்கியது. "கால்ல ஆரம்பிங்கண்ணே" என்றார். நான் தண்ணீரை அள்ளி அதன் காலில் விட்டேன்.

சங்கு ஊதியது. தொட்டி ஓரத்திலிருந்து நடுங்கிக்கொண்டு வட்டம் கிளம்பி அவருடைய முழங்காலையும் நாயின் காலையும் சுற்றி வந்தது. டைகர் வாயைத் திறந்தது. அவர் கழுத்துக்குப் பக்கத்தில் அத்தனை பல்லும் தெரிந்தது. என் மகன் கம்பை ஓங்கியது எனக்கு ஓரக்கண்ணில் தெரிந்தது. கம்பவுண்டர் நகரவில்லை. நாய் திறந்த வாயை அவர் தோளில் வைத்து அப்படியே அமுக்கிக்கொண்டது. கடிக்கவில்லை. வெடி கேட்டது. "ம், போயிருச்சு" என்று அதன் காதில் சொன்னார். அவ்வளவுதான்.

முதலில் பேசியவர் டீக்கடைக்காரர். "நாயவிடக் கம்பவுண்டருக்குத்தான் குளிச்சு நாளாச்சு போலருக்கு" என்றார். அதற்குப் பிறகு எல்லாரும் சிரித்தார்கள். மகன் கம்பைக் கீழே போட்டான். செல்வி சிரிக்கவில்லை. ஆனால் அம்மா வீட்டுக்கும் போகவில்லை. அன்றே டைகருக்கு ஊசி போட்டுவிட்டு, குளியலைக் காலை ஒன்பது மணிக்கு மாற்றிக்கொண்டோம். ஒரு வருடமாக அவரும் நானும் மட்டும்தான் குளிப்பாட்டினோம். செல்வி தண்ணீர் கொண்டுவந்து தூரத்தில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். மணிக்கட்டில் இரண்டு பல் தழும்பு இருக்கிறது. அந்தக் கையால் அவள் நாயைத் தொட்டதில்லை. கம்பவுண்டரும் அவளை ஒரு நாளும் தொடச் சொன்னதில்லை.

போன சனிக்கிழமை அவர் இல்லாமல் முதல் குளியல். காலை ஒன்பது மணி. செல்வி தண்ணீரை வைத்துவிட்டு, ஏனோ போகாமல் நின்றாள். டைகர் தானாகவே தொட்டிக்குள் இறங்கியது. நான் முதுகுக்குச் சோப்புப் போட்டு முடித்தேன். நாய் வலது முன்னங்காலைத் தூக்கி மேற்குப் பக்கம் நீட்டியது. அங்கே யாரும் இல்லை. நீட்டிய கால் கீழே இறங்கவில்லை. டைகருக்கு ஒன்பது வயது. காதைச் சொறிய ஒரு காலைத் தூக்கினாலே தள்ளாடும். அன்று மூன்று காலில் நின்று கொஞ்சம்கூட ஆடவில்லை. அந்தக் காலில் நடுக்கம் இல்லை. யாரோ அடியில் உள்ளங்கை கொடுத்தது போல அந்தரத்தில் இருந்தது. அதன் விரல்கள் மெதுவாக அகன்று கொடுத்தன, உண்ணி எடுக்கும்போது கொடுப்பது போல. தண்ணீர் ஆடாமல் இருந்தது.

"மாமா" என்றாள் செல்வி.

பிறகு அவள் தொட்டியைச் சுற்றிக்கொண்டு மேற்குப் பக்கம் வந்தாள். அவர் உட்காரும் இடத்தைப் பார்த்தாள். அங்கே உட்காரவில்லை. ஓர் ஆள் இருக்கும் அளவு தள்ளி உட்கார்ந்து, தழும்பு இருக்கிற கையை நீட்டி, அந்தக் காலை வாங்கிக்கொண்டாள்.

தங்கச்சி சரோஜா, அவருடைய சாமான்களில் எது வேண்டும் என்று என்னைக் கேட்டீர்கள். கண்ணாடியும் கைப்பையும் உங்களிடமே இருக்கட்டும். எங்கள் தொட்டிக்கு மேற்கே ஓர் ஆள் இடம் இருக்கிறது. அதை நாங்கள் வைத்துக்கொள்கிறோம்.